தவறாக அழுத்திவிட்டால்?

தில்லியில் கிட்வாய் நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. ஐ.என்.ஏ. சந்தைக்குப் பக்கம். அரசு ஊழியர்கள் குடியிருக்கும் பகுதி. அங்கே வீட்டு வேலை செய்கிறார் ஒரு தமிழ் அம்மா. ஐம்பது வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றார். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

ஒருநாள் மகளுடன் ஏ.டி.எம். போனார். கார்டைச் செருகினார். ரகசிய எண்ணை அழுத்தினார். திரையில் ஏதோ எழுத்து வந்தது. இந்தியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கிலம். அம்மாவுக்குக் கை நடுங்கியது.

"ஐயோ, மெஷினைக் கெடுத்துட்டேனா?"

"இல்லம்மா. நம்பர் தப்புன்னு சொல்லுது. மறுபடியும் கேக்குது. அவ்வளவுதான்."

மகள் சொன்னது சரி. ஏ.டி.எம்.முக்குள் ஒரு கணினி இருக்கிறது. அது தானாக யோசிக்காது. எப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் நிரல். புரோகிராம் என்றும் சொல்வார்கள்.

எல்லோரும் சரியாகத்தான் அழுத்துவார்கள் என்று நினைத்து நிரல் எழுதினால் என்ன ஆகும்? முதல் நாளே நின்றுபோகும். விரல் வழுக்கும். கண் மங்கும். அவசரம் இருக்கும். அதனால் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு சோதனை வைப்பார்கள். 250 ரூபாய் கேட்டால், அந்தப் பெட்டியில் 100 ரூபாய்க்குக் குறைந்த நோட்டு இல்லை. "நூறு நூறாகக் கேளுங்கள்" என்று திரை சொல்லும். பிறகு பழைய கேள்விக்கே திரும்பும். ஒன்றும் அழுத்தாமல் நின்றால் கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு வேலையை ரத்து செய்துவிடும்.

'தவறு' என்று மட்டும் சொல்லி, என்ன தவறு என்று சொல்லாத பெட்டிகளும் உண்டு. அது நிரல் எழுதியவரின் குறை. நம் குறை அல்ல.

ரகசிய எண்ணை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட முடியாது. பெரும்பாலும் மூன்று தடவைதான். அதற்குக் காரணம் உண்டு. நான்கு இலக்கத்தில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். கணக்கே இல்லாமல் விட்டால், கார்டைத் திருடியவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். இரண்டு தடவை தவறினால் நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் எண்ணை நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஆதார் எண்ணிலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வந்தது. நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட கணக்கு அது. ஓர் இலக்கம் மாறினாலும் அது பிடித்துவிடும். 47 என்பதை 74 என்று எழுதினாலும் பிடித்துவிடும்.

ஆனால் 500 ரூபாய்க்குப் பதில் 5000 என்று அழுத்தினால்? கணக்கில் பணம் இருந்தால் அதுவும் சரியான எண்தான். பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? அங்கே நம் கண்தான் காவல். பூஜ்ஜியங்களை எண்ணுங்கள். மஞ்சள் பொத்தான் அழிக்கும். சிவப்புப் பொத்தான் ரத்து செய்யும். பச்சைப் பொத்தானைக் கடைசியில்தான் தொட வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த நிறங்கள்தான்.

சில நேரம் பணம் வராது, ஆனால் கணக்கில் கழிந்திருக்கும். இது நாம் செய்த தவறு அல்ல. ரிசர்வ் வங்கி 2019-இல் ஒரு விதி போட்டது. அடுத்த 5 நாளுக்குள் வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். துண்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வங்கியில் புகார் எழுதிக் கொடுங்கள்.

கிட்வாய் நகர் அம்மா தயங்கி நின்றபோது, பின்னால் நின்ற ஒருவர் கையை நீட்டினார். கார்டைக் கொடுங்கள், நானே எடுத்துத் தருகிறேன் என்று இந்தியில் சொன்னார். நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் இப்படி வாங்கி, வேறு கார்டை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அம்மா கார்டைக் கொடுக்கவில்லை. திரையை உடம்பால் மறைத்துக்கொண்டார். எண்ணை மெதுவாக, ஒவ்வொன்றாக அழுத்தினார். பெட்டி அடுத்த கேள்வியைக் கேட்டது. ஐந்து, பூஜ்ஜியம், பூஜ்ஜியம். மகள் வாய்க்குள் எண்ணினாள். பச்சைப் பொத்தானை அம்மாவே அழுத்தினார்.