மரலிங்கா: ‘வெற்று நிலம்’ என்ற தீர்ப்பும் அதன் விளைவுகளும்

ஒரு நிலப்பரப்பை ‘வெறுமையானது’ என்று கூறுவது வெளித்தோற்றத்தில் ஒரு புவியியற் கூற்றாகும். ஆயின், அதனை யார், எத்தேவை கருதிக் கூறுகின்றனர் என்று வினவும்போது அதன் அரசியல் உள்ளடக்கம் புலனாகிவிடும். இதற்குத் தென் அவுஸ்திரேலியாவின் மரலிங்கா தக்க சான்றாகும். 1956க்கும் 1963க்கும் இடையில் பிரித்தானியா தனது அணுவாயுதங்களைப் பரிசோதித்த களம் அது. அந்நிலம் அதிகாரத்திலுள்ளோரிடமிருந்து இரு சான்றிதழ்களைப் பெற்றது. முதலில் ஆளற்ற நிலம் எனப்பட்டது. பின்னர் தூய்மையாக்கப்பட்ட நிலம் எனப்பட்டது. இவ்விரண்டும் பொய்யானவை என்பதோடு, இரண்டிலும் கணக்கில் எடுக்கப்படாதோர் ஒரே மக்களே என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம் தெரிவானமை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் அணுக்குண்டுத் திட்டத்திற் பிரித்தானிய விஞ்ஞானிகளும் பங்குகொண்டிருந்தனர். 1946இல் அமெரிக்கா இயற்றிய மக்மகன் சட்டம் இக்கூட்டுறவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பேரரசு குலையத் தொடங்கிய அக்காலத்தில், வல்லரசு என்ற தகுதியை இழக்க விரும்பாத பிரித்தானிய ஆளும் வர்க்கம் தனக்கெனக் குண்டு ஒன்றை ஆக்க முனைந்தது. சனச்செறிவு மிக்க தனது தீவில் அதனை வெடிக்கவைக்க இயலாமையால், பரந்த நிலம் கொண்ட பழைய குடியேற்ற நாடொன்றின் மீது அதன் கண் விழுந்தது. 1950 செப்டெம்பரிற் பிரதமர் அட்லி விடுத்த வேண்டுகோளுக்கு அவுஸ்திரேலியப் பிரதமர் மென்சிஸ் தமது அமைச்சரவையைக் கலந்தாலோசியாமலே கொள்கையளவில் இணங்கினார்.

முதற்குண்டு 1952 ஒக்ரோபர் 3ஆந் திகதி மேற்கு அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள மொன்ரி பெலோ தீவுகளில் வெடிக்கப்பட்டது. 1953இல் தென் அவுஸ்திரேலியாவின் ஈமு பீல்ட் என்னுமிடத்தில் இரு குண்டுகள் வெடிக்கப்பட்டன. அதன் பின்னரே நிலையான களமாக மரலிங்கா அமைக்கப்பட்டது. அங்கு 1956இல் நான்கும் 1957இல் மூன்றுமாக ஏழு குண்டுகள் வெடித்தன. ‘மரலிங்கா’ என்பது இடி எனப் பொருள்படும் ஆதிக்குடிச் சொல்லாகும். எனினும் அது அந்நிலத்து மக்களின் மொழிக்குரியதன்று. நாட்டின் வடகோடியில் வழங்கி, பின் வழக்கொழிந்த பிறிதொரு மொழிக்குரியது. பெயரிடுதலிற்கூட அம்மண்ணுக்குரியோர் கேட்கப்படவில்லை.

முதலாஞ் சான்றிதழ்: ஆளற்ற நிலம்

இந்நிலம் அனாங்கு மக்களுடைய வேட்டைக்களமாகவும், நீர்நிலைகளை இணைக்கும் வழிகளின் வலையாகவும், சமயச் சடங்குகளின் இடமாகவும் இருந்தது. ஊல்டியா என்ற ஊற்றை அண்டியிருந்த கிறித்தவ மிசன் நிலையம் 1952இல் மூடப்பட, அங்கிருந்தோர் தெற்கே யலற்றாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஆயினும் யாவரும் வெளியேறிவிடவில்லை. எஞ்சியோரைக் கண்டு எச்சரிக்கும் பொறுப்பு வோல்ற்றர் மக்டூகல் என்ற சுற்றுக்காவல் அதிகாரியிடம் விடப்பட்டது. மிகப் பரந்த பாலைவெளியில் இது தனியொருவராற் செய்து முடிக்கக்கூடிய பணியன்று. அவர் மக்களின் நலனை வற்புறுத்தியபோது, விரல்விட்டு எண்ணத்தக்க சில சுதேசிகளின் விவகாரத்தைப் பிரித்தானியப் பொதுநலவாயத்தின் நலனுக்கு மேலாக அவர் வைப்பதாக அரசின் பிரதம விஞ்ஞானியான பியூட்மென்ற் 1956இற் குறைகூறினார். இது தனிமனிதர் ஒருவரின் கடுமையன்று. 1967ஆம் ஆண்டுப் பொதுசன வாக்கெடுப்பினால் நீக்கப்படும் வரை, ஆதிக்குடிகளைச் சனத்தொகைக் கணக்கிற் சேர்த்தலாகாது என்ற பிரிவு அந்நாட்டின் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. எண்ணப்படாத மக்கள் வாழும் நிலம் ஆளற்ற நிலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

விளைவுகள் அக்காலத்திலேயே தெரியலாயின. 1953 ஒக்ரோபர் 15ஆந் திகதி ஈமு பீல்டில் நிகழ்ந்த வெடிப்பின் பின் வலற்றினா என்னுமிடத்தில் இருந்தோர் மீது கரிய மூடுபனி ஒன்று படர்ந்தது. அன்று சிறுவராயிருந்து அதனைக் கண்ட யாமி லெஸ்ரர் பின்னர் பார்வையை முற்றாக இழந்தார். 1957 மே மாதத்தில், அதற்கு முந்திய ஆண்டில் வெடித்த குண்டு தோண்டிய குழியின் அருகே, கணவனும் கருவுற்ற மனைவியும் இரு பிள்ளைகளும் கொண்ட குடும்பமொன்று தங்கியிருக்கக் காணப்பட்டது. அவர்கள் நீராட்டப்பட்டு யலற்றாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய நாய்கள் கொல்லப்பட்டன. செய்தியை வெளியிடலாகாதென இராணுவத்தினர் பணிக்கப்பட்டனர். அப்பெண்ணின் குழந்தை இறந்தே பிறந்தது.

இரண்டாஞ் சான்றிதழ்: தூய்மையாக்கப்பட்ட நிலம்

பெருங்குண்டுகளே மிகுந்த தீங்கை விளைத்திருக்கும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால், மரலிங்காவில் நீடித்த மாசு ‘சிறு பரிசோதனைகள்’ என்று பெயரிடப்பட்டவற்றினாலேயே ஏற்பட்டது. விபத்தில் அணுக்குண்டொன்று எரிந்தாலோ சிதறினாலோ நிகழ்வதை அறியும்பொருட்டு, 1960 முதல் 1963 வரை தரனாகி என்ற பகுதியில் ஏறத்தாழ 22 கிலோகிராம் புளூட்டோனியம் சாதாரண வெடிமருந்தினாற் சிதறடிக்கப்பட்டது. புளூட்டோனியம்-239 அரைவாசியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும். அது வெளிவிடும் அல்பாத் துணிக்கைகள் மனிதத் தோலை ஊடுருவா. ஆனால், தூசியுடன் சுவாசப்பையிற் படியுமாயின் உள்ளிருந்தே இழையங்களைச் சிதைக்கவல்லன.

1967இற் பிரித்தானிய இராணுவம் மாசுற்ற மண்ணை உழுது புரட்டியும், கழிவுக் குழிகளைக் கொங்கிறீற்றால் மூடியும் களத்தைத் துப்புரவாக்கியது. பணி நிறைவாக முடிந்ததென 1968இல் வெளிவந்த பியர்ஸ் அறிக்கை கூறிற்று. அதனை நம்பிய அவுஸ்திரேலிய அரசு அவ்வாண்டே பிரித்தானியாவைப் பொறுப்புகளிலிருந்து விடுவித்தது. ஆனால், 1984இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் நிலத்தை அளந்தபோது, புளூட்டோனியம் படிந்த உலோகத் துண்டுகள் மேற்பரப்பிலே சிதறிக் கிடந்தன. மேற்பரப்பில் எஞ்சியிருந்த புளூட்டோனியம் அறிக்கை கூறியதிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு என்பது தெரியவந்தது.

மக்களின் போராட்டமும் அதன் பேறும்

ஆதிக்குடி மக்களும், பரிசோதனைகளிற் பணிபுரிந்த முன்னாள் இராணுவத்தினரும் எழுப்பிய குரலின் விளைவாக 1984இல் நீதியரசர் மக்லெலன்ட் தலைமையில் அரச விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1985இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆதிக்குடிகளின் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளைக் கடுமையாகக் கண்டித்தது. துப்புரவுச் செலவைப் பிரித்தானியா ஏற்க வேண்டுமெனவும் விதந்துரைத்தது. 1993இற் பிரித்தானியா 2 கோடி பவுண் வழங்க இணங்கியது. 1994இல் மரலிங்கா ஜருஜா மக்களுக்கு 1 கோடியே 35 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் நிறைவுற்ற புதிய துப்புரவுக்கு ஏறத்தாழ 10 கோடியே 80 இலட்சம் டொலர் செலவாயிற்று. குழிகளிலுள்ள கழிவை மின்வெப்பத்தால் உருக்கிக் கண்ணாடியாக்கும் முறை, 1999இல் ஏற்பட்ட வெடிப்பொன்றின் பின் கைவிடப்பட்டது. எஞ்சிய கழிவு மண்ணிற் புதைக்கப்பட்டது. இம்மாற்றத்தை அத்திட்டத்திற் பணியாற்றிய பொறியியலாளர் அலன் பார்க்கின்சன் பகிரங்கமாகச் சாடினார்.

இங்கு ஒரு விடயம் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. ‘தூய்மை’ என்பதன் அளவுகோல் இம்முறை மாறியிருந்தது. வெறுந்தரையில் அமர்ந்தும் உறங்கியும், விறகு மூட்டிச் சமைத்தும், பிள்ளைகளைப் புழுதியில் விளையாடவிட்டும் வாழும் ஒரு சமூகம் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கும் என்று கணக்கிட்டே கதிர்வீச்சின் ஏற்கத்தக்க எல்லை வகுக்கப்பட்டது. ஆளற்ற நிலம் எனப்பட்ட இடத்தில், மனிதர் வாழும் முறையே முதன்முறையாக விஞ்ஞானத்தின் அலகாயிற்று. இதனை அம்மக்களின் போராட்டம் ஈட்டிய பெரும்பேறு எனலாம்.

நிலத்தின் பெரும்பகுதி 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அம்மக்களிடம் மீண்டிருந்தது. பரிசோதனைக் களம் அடங்கிய பகுதி 2009இற் கையளிக்கப்பட்டது. எனினும் துப்புரவின் பின்னரும் ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்பு எல்லைக் குறிகளால் வரையறுக்கப்பட்டது. அதனூடே செல்லலாம், வேட்டையாடலாம், ஆனால் குடியிருத்தலாகாது. மேலும், அம்மக்களின் பிறப்பு, இறப்பு, நோய் பற்றிய முறையான பதிவுகள் அக்காலத்திற் பேணப்படாமையால், அவர்கள் அடைந்த உடற்பாதிப்பை எண்ணிக்கையில் நிறுவுதல் அரிதாயிற்று. அன்று அவர்களை எண்ணாது விட்ட அரசு, பின்னர் சான்றுக்கு எண்ணிக்கையைக் கேட்டது. ஒரு நிலம் வெறுமையானது என்று அதிகாரம் கூறுமிடத்து, அந்நிலத்தைச் சென்று பார்ப்பதற்கு முன், எவர் எண்ணப்படவில்லை என்று வினவுதல் சமூக ஆய்வாளரின் முதற்கடனாகும்.