படுவான்கரைக்கு எந்த ஜீப்?

மாரி வலுத்தால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிடும். அக்கரையிலுள்ள படுவான்கரை ஊர்களுக்குப் படகுதான். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்ததிலிருந்து, பெரிய ஜீப் வாங்கும் பேச்சு மட்டக்களப்பில் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. அந்த ஜீப் இந்த வீதியில் என்ன செய்யும் என்பதுதான் முதற்கேள்வி.

டொயோட்டா ஃபோர்ச்சூனரையே எடுத்துக்கொள்வோம். ஹைலக்ஸ் கெப்பின் குடும்பம், ஏழு இருக்கை. செசி தனி, உடல் தனி என்பதால் வயல் வட்டைக்குப் போகும் கிரவல் வீதிக் குழிகளை ஆண்டுக்கணக்கில் தாங்கும். குலுக்கலும் அதனால்தான். கடைசி வரிசையில் பிள்ளைகள் சமாளிப்பார்கள். கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்கு வரும் அம்மம்மாவை அங்கே ஏற்றுவது பாவம்.

வாங்குமுன் அது உண்மையில் ஃபோர் வீல்தானா என்று பாருங்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஃபோர்ச்சூனரும் உண்டு. ஃபோர் வீலைக் காய்ந்த தார் வீதியில் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை, இறுக்கம் கியரில் போய் விழும். வயல் சேற்றில் லோ கியர் போட்டு, மெதுவாக, நிறுத்தாமல் போகவேண்டும்.

தண்ணீர் விசயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 700 மில்லிமீற்றர் ஆழம்வரை இறங்கலாம் என்று நிறுவனம் சொல்வது நிற்கும் நீருக்கு. பாய்ந்தோடும் வெள்ளம் இரண்டடி இருந்தாலே ஜீப், கெப் உட்படப் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. புலிபாய்ந்தகல்லில் வீதிக்கு மேலால் போவது ஓடும் நீர். ஸ்நோர்க்கல் எஞ்சினுக்குக் காற்றுக் கொடுக்கும், சக்கரத்துக்குப் பிடி கொடுக்காது. அங்கே ஜீப்பை மேட்டில் விட்டுவிட்டுப் படகேறுங்கள்.

பழைய வாகனமென்றால் ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் கிடந்தது. டிபரன்சல் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மட்டக்களப்பு வாவியோரம் ஓடியதென்றால் செசியின் உட்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். உவர்நீர் அங்கேதான் அரிக்கும்.

வட்டையில் காணி இல்லாதவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு நகரத்துக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் சாதாரணக் காரே போய்வருகிறது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்பவர்கள், உவர்நீரில் இறங்கிய அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.