பிள்ளைக்குக் காய்ச்சல்: புதுச்சேரியில் அன்றும் இன்றும்

2022 செப்டம்பரில் புதுச்சேரி அரசு ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, காய்ச்சலுக்காகவே பள்ளிகளை மூடியது. 17ஆம் தேதி தொடங்கி 25 வரை விடுமுறை. எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்களின் கூட்டம் அப்போது நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் போனது. 2023 மார்ச் 16 முதல் 26 வரை, இன்ஃபுளூயன்சா பரவுகிறதென்று மறுபடியும் அதே வகுப்புகளுக்கு விடுமுறை.

இந்த ஊரில் பிறந்து அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது புதுசு. அவர்கள் காலத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளை பாயில் படுத்திருக்கும், பள்ளிக்கூடம் பாட்டுக்கு நடக்கும். ஊர் பயந்து ஒதுங்கியது அம்மைக்குத்தான். அவர்களுடைய மேல்கையைப் பார்த்தால் வட்டமாகப் பள்ளம் விழுந்த தழும்பு இருக்கும், அம்மை குத்தியவர் விட்டுப்போனது. பெரியம்மை இந்தியாவில் 1975உடன் நின்றது. 1977இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பின்னால் பிறந்தவர்கள் கையில் அந்தத் தழும்பு கிடையாது.

பெரியம்மை போனாலும் அம்மைக்கான மரியாதை போகவில்லை. இன்றைக்கும் முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், உள்ளே பிள்ளைக்குச் சின்னம்மை என்று தெருவே புரிந்துகொள்ளும். அந்த வீட்டில் தாளிப்பு இருக்காது, வெளியாள் நுழைய மாட்டார்கள், நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலையை நான் குறை சொல்லமாட்டேன். பத்திய வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது என்பது தொற்றைத் தடுக்கிற நல்ல ஏற்பாடு. ‘அம்மை போட்டால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது’ என்ற தடைதான் ஆபத்து. கொப்புளம் போட்ட பிள்ளை மூச்சு வாங்கினால், எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால், ஆத்தாளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும். பிறந்து சில நாளான குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ அம்மை கண்டால் முதல் கொப்புளத்திலேயே கிளம்ப வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது.

பாட்டிமார் வாயில் அன்று புழங்கிய நோய்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளைவாதம், மணல்வாரி. இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட ஒரு சிறுமி; 2014இல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. மணல்வாரி என்னும் தட்டம்மை பிள்ளையை மெலியவைத்து, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தப்பிய பிள்ளைக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் பூத்துப்போவதும் உண்டு. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை 2017 பிப்ரவரியில் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய ஐந்து இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பி, பெற்றோர் பலர் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட நாட்கள் அவை. மணல்வாரியில் பிள்ளையைப் பறிகொடுத்த தலைமுறை பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வதந்தி ஒரு நாள்கூட நின்றிருக்காது என்று நம்புகிறேன்.

இன்னொரு நோய் சொல்லாமல் கொள்ளாமல் போயேவிட்டது. ஈரல் குலைக்கட்டி. வயிறு உப்பி, ஈரல் கல்லாகி, ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகள் செத்த நோய். ஜம்மி வெங்கடரமணய்யாவின் மருந்து விளம்பரம் வராத பழைய தமிழ்ப் பத்திரிகையைப் பார்ப்பது அரிது. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலில் இறங்கிய தாமிரம் ஈரலில் சேர்ந்ததுதான் முக்கியக் காரணம் என்று 1980களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எவர்சில்வர் பாத்திரம் வந்தது, நோய் மறைந்தது. இன்று குழந்தை மருத்துவம் படிப்பவர்கள் அதைப் பெரும்பாலும் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

மருத்துவம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823இலேயே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர். 1964 ஜூலையில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். விக்தோர் சிமோனெல் வீதியில் பெரிய ஆஸ்பத்திரியும் பிரசவ ஆஸ்பத்திரியும் இருந்தன. ஆனால் ஆஸ்பத்திரி இருக்கிறதென்பதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் குறைவு. முதலில் உரை மருந்து: ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு என்று கல்லில் உரசி நாக்கில் தடவுவது. கேட்கவில்லையென்றால் அந்தி நேரத்தில் காஜியார் வீதிப் பக்கத்துப் பள்ளிவாசலில் ஓதி ஊதச் சொல்வது. மதம் பார்த்து யாரும் அங்கே நின்றதில்லை. அதுவும் கேட்காமல் போன பிறகுதான் டாக்டர். அதற்குள் மூன்று நாள் ஓடியிருக்கும்.

வயிற்றுப்போக்கில்தான் அந்தத் தாமதம் அதிகப் பிள்ளைகளை வாங்கியது. மாந்தம், பல் முளைக்கிற பேதி என்று பெயர் வைத்து, ‘வயித்தைக் காயப்போடு’ என்று பாலை நிறுத்துவார்கள். பாட்டி உச்சந்தலையில் விரல் வைத்துப் பார்ப்பார். ‘உச்சிக்குழி விழுந்திருக்குடி’ என்பார். எனக்கு இந்த இடத்தில்தான் மனசு நிற்கிறது. பாட்டி கண்டது நூற்றுக்கு நூறு சரி. உடம்பில் நீர் வற்றிய கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கும்; இன்றைய மருத்துவரும் அங்கேதான் விரல் வைக்கிறார். ஆனால் குழி விழுந்ததால் பேதி என்று பாட்டி நினைத்தார். குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டிக் குடலேற்றம் எடுத்தார்கள், உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். குழந்தைக்கு வேண்டியிருந்தது தண்ணீர்.

அந்தத் தண்ணீருக்கு வழி சொன்னவர் வங்காளத்துக் குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ். 1971இல் பங்களாதேஷ் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றச் சலைன் தீர்ந்துபோனபோது, சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைத் தாய்மார் கையில் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். அந்தக் கரைசல்தான் இன்றைய ஓ.ஆர்.எஸ். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொது சுகாதார அவசர நிலை அறிவித்தார்களே, அப்போதும் முன்னே நின்றது இந்தப் பொட்டலம்தான்.

பொட்டலம் வந்துவிட்டது; கலக்கும் பழக்கம் சரியாக வரவில்லை. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் போட்டுக் கொடுத்தால் உப்பு மிகுந்து கெடுதல் செய்யும். முழுப் பொட்டலத்தையும் ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டி, ஒரு நாளுக்குமேல் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊட்டலாம். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது. கூடவே 14 நாள் துத்தநாக மருந்து. பேதி நின்றதும் இதைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற பழச்சாறுகளை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டு போராடியதன் பேரில், 2025 அக்டோபரில்தான் அப்படிப் பெயர் போடக்கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். சர்க்கரை அதற்குமேல் போனால் பேதியைக் கூட்டும்.

பிள்ளை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் உள்ளே போயிருக்கிறது, மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி. இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இன்று தாமதம் குறைந்து அவசரம் வந்திருக்கிறது. காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டர். இரண்டாம் நாள் வேறு டாக்டர். ‘ஊசி போட்டு விடுங்க சார்’, ‘ஆன்டிபயாடிக் எழுதுங்க சார்’. தெர்மாமீட்டர் எண்ணைப் பார்த்தே வீடு நடுங்குகிறது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தால் அந்த நடுக்கம் நியாயம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக்கூடாது. அதைவிடப் பெரிய பிள்ளைகளிடம் எண்ணைவிட முகம்தான் அதிகம் சொல்லும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் எழுந்து விளையாடுகிறதா, பால் குடிக்கிறதா, ஒன்றுக்குப் போகிறதா? குழந்தை மருத்துவர் முதலில் கேட்பதும் இதைத்தான். ‘பிள்ளை முகம் தெளியலையே’ என்று பாட்டி சொன்னதும் இதே பரிசோதனைதான். பாட்டியின் மருந்தை விட்டது சரி, அந்தப் பார்வையையும் சேர்த்து விட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

மூச்சையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சளிப் பிடித்த பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணலாம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது சாதாரணச் சளி இல்லை, நிமோனியாவாக இருக்கலாம். படிக்காத தாய்க்கும் கைவரும் இந்தக் கணக்கை ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் சுகாதாரத் துறை எழுதி வைக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் மட்டும் அடியோடு போகவேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா.

இருமல் சிரப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற சிரப், நம் பக்கத்திலே காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயது வரையும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் அப்போது மறுபடியும் சொன்னது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றுகிற பழக்கத்தைப் பாட்டிமாரிடமிருந்து யாரும் கற்கவில்லை; அது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

கொசுவும் மாறிவிட்டது. சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த கொசு அன்று யானைக்காலைக் கொண்டுவந்தது. இரவில்தான் கிருமி ரத்தத்தில் தெரியுமென்பதால் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். 1975இல் இங்கே தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம் யானைக்காலை ஒழிக்க நிறைய உழைத்தது. இன்று பூந்தொட்டியிலும் தொட்டித் தண்ணீரிலும் வளரும் கொசு, பகலில் கடித்து டெங்குவைத் தருகிறது. டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் கண்டம். ‘உடம்பு ஆறிடுச்சு’ என்று பள்ளிக்கு அனுப்பத் தோன்றும் அந்த நாளில், பிள்ளைக்கு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிட்டுப்போதல், ஈறில் ரத்தம் என்று கண்டால் நிலவேம்பையும் பப்பாளி இலையையும் நம்பி வீட்டில் இருந்துவிடக்கூடாது. ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சலென்றால் ஜிப்மர் மருத்துவர் பிள்ளையின் உடுப்பைக் கழற்றி அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று தேடுவார். சிகரெட்டால் சுட்டதைப் போல ஒரு கறுப்புப் பொருக்கு அங்கே ஒளிந்திருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். சரியான ஆன்டிபயாடிக்கில் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். குளிப்பாட்டும்போது தாய் முதலில் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

காய்ச்சல் வலிப்பைக் கண்டு அன்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், பல்லிடுக்கில் கரண்டி வைத்தார்கள். இன்றும் வைக்கிறார்கள். வாயில் எதையும் வைக்காமல், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அதற்குள் நின்றுவிட்டாலும் முதல் தடவையென்றால் அன்றே காட்டியாக வேண்டும்.

வம்பாகீரப்பாளையத்திலிருந்தோ வைத்திக்குப்பத்திலிருந்தோ நடு ராத்திரியில் எல்லைப்பிள்ளைச்சாவடிக்கு ஆட்டோ பிடிப்பது எளிதில்லை. பழைய பிரசவ ஆஸ்பத்திரியாவது இந்தக் குப்பங்கள் இருக்கும் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. போகிற அவசரத்திலும் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள், கடைசியாகப் பிள்ளை ஒன்றுக்குப் போன நேரம் எழுதிய துண்டுச் சீட்டு. பாட்டிலைக் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றியிருந்தால் அதைப் பாட்டிலைப் பார்த்துத்தான் டாக்டரால் கண்டுபிடிக்க முடியும். பாட்டி உரை மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.