ஒரு ஏக்கர் குறுவைக்கு எத்தனை யூனிட்?

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பே கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கம் போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கேட்டால், ‘அஞ்சு ஹெச்.பி. மோட்டார்’ என்பார்கள். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. மின்வாரியமும் மொத்தச் செலவை மதிப்பீடாகத்தான் சொல்கிறது. கணக்கைக் குதிரைத்திறனில் தொடங்குவதுதான் கோளாறு. தண்ணீரில் தொடங்க வேண்டும்: எவ்வளவு தண்ணீர், எத்தனை மீட்டர் உயரம்?

ஒரு லட்சம் லிட்டரை 10 மீட்டர் உயர்த்த 2.7 யூனிட் போதும். இயற்கை கேட்பது அவ்வளவுதான். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். 20 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தால் 11 யூனிட் ஆக வேண்டும். 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்துப் பாருங்கள். அது நிரம்ப 25 விநாடி ஆனால், அந்த ஏக்கருக்கு மோட்டார் 7 மணி நேரம் ஓட வேண்டும். 5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 5 யூனிட் இழுக்கும். ஆக 35 யூனிட். மீதி 24 யூனிட் தேய்ந்த இம்பெல்லரிலும், ஒடுங்கிய குழாயிலும், பலமுறை காயில் கட்டிய மோட்டாரின் சூட்டிலும் போகிறது. எந்தப் பம்பிலும் கொஞ்சம் இழப்பு இருக்கும். நல்ல பம்புசெட் இதே வேலையை 22 யூனிட்டுக்குள் முடித்துவிடும். நீர்மட்டம் இறங்குவது இன்னொரு செலவு. மேலே வைத்த மோட்டார் குழாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்க, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை ஏற்றுகிறது. அதற்கு எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர். அதற்குக் கீழே போனால் நீர்மூழ்கி மோட்டார்தான்; இறங்கும் ஒவ்வொரு மீட்டரும் யூனிட்டாக ஏறும்.

‘அளந்தால் அடுத்து பில் வரும்’ என்ற அச்சம் நியாயமானது. தமிழ்நாட்டு விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடியவர்கள். இலவச மின்சாரம் என்ற உரிமையில் கை வைக்கக் கூடாது. ஆனால் டிரம்மும் கடிகாரமும் யாருக்கும் பில் போடுவதில்லை. காவிரி வராத ஆண்டில் மோட்டார்தானே சோறு போட்டது என்பதும் உண்மை. அதனாலேயே நிலத்தடி நீரைக் காக்க வேண்டியிருக்கிறது. எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் சில பாய்ச்சல்கள் மிச்சம். ஒவ்வொன்றிலும் ஏக்கருக்கு 35 யூனிட் தப்புகிறது.

இந்தக் குறுவைக்கு டிரம்மை வைத்து அளந்து, விநாடிக் கணக்கை மோட்டார் கொட்டகைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே டிரம் நிரம்ப அதிக நேரம் பிடித்தால், பழுது பம்பிலா நீர்மட்டத்திலா என்று உடனே பாருங்கள்.