அயல்நாட்டில் வீடு வாங்குவோரும் வழக்கறிஞரும்



ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலை ஒட்டி, அல்மேரியா என்றொரு மாகாணம் உண்டு. அங்கே மழை அரிது, வெயில் மிகுதி. குளிரில் வாடிப் பழகிய பிரிட்டிஷ் மக்களுக்கு அவ்வெயிலே ஒரு பேறு. ஓய்வு பெற்றபின் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு அங்கே குடியேறியோர் பலர். அவ்வாறு குடியேறிய முதிய தம்பதியர் இருவரின் வீட்டை, 2008 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வேரா என்னும் ஊரில், அதிகாரிகள் இயந்திரங்களைக் கொண்டு இடித்துத் தள்ளினர். அவர்கள் பிறர் நிலத்தை வளைத்தவர் அல்லர். நகராட்சி வழங்கிய கட்டட உரிமம் அவர்களிடம் இருந்தது. ஆனால் அவ்வுரிமம் நிலப்பயன்பாட்டு விதிகளுக்கு முரணானது என்று அந்தலூசிய மாநில அரசு எதிர்த்தது. உரிமம் செல்லாதாயிற்று, வீடும் போயிற்று.

கையிலிருக்கும் காகிதம் மெய்யானதா என்பது மட்டுமன்று, அக்காகிதத்தைத் தந்தவருக்கு அதனைத் தரும் அதிகாரம் இருந்ததா என்பதும் ஆராயத்தக்கது. மொழியும் சட்டமும் அறியாத அயலார் இதனைத் தாமே ஆராய்வது எங்ஙனம்? இங்கேதான் வழக்கறிஞர் வேண்டப்படுகிறார்.

"அந்நாட்டில் பத்திரத்தை நோட்டாரியோ என்னும் அலுவலர் முன்னிலையில்தானே எழுதுகிறார்கள்? பின்னர் வழக்கறிஞர் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. நோட்டரி என்றதும் நமக்கு நீதிமன்ற வாயிலில் முத்திரையிடுபவரே நினைவுக்கு வருவார். ஸ்பெயினின் நோட்டாரியோ அத்தகையவர் அல்லர். கடுந்தேர்வில் தேறி அரசால் அமர்த்தப்பெற்றவர். இரு தரப்பாரும் இன்னார் என்று உறுதி செய்து, பத்திரத்தின் பொருளை விளக்கிக் கையொப்பம் பெறுவார். எனினும் அவர் நடுநிலையாளர். வாங்குவோர் பக்கம் நின்று பேரம் பேசுதல் அவர் கடமையன்று.

வழக்கறிஞரோ நம்முடைய ஆள். அவர் முதலில் சொத்துப் பதிவகத்தில் குறிப்பெடுப்பார். 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அப்பதிவேட்டில், உரிமையாளர் யார், அடமானம் உண்டா, நீதிமன்றப் பற்று உண்டா என்பன விளங்கும். நம் நாட்டில் வில்லங்கம் பார்ப்பது போன்றதே இது. அடுத்து நகராட்சியில், அந்நிலம் வீடு கட்டத்தக்கதா, வேளாண்மைக்கு ஒதுக்கியதா என்று வினவுவார். பதிவேட்டில் பெயர் சரியாக இருப்பதனால் மட்டும் கட்டடம் முறையானதாகிவிடாது. அடுக்குமாடி வீடாயின், பழைய உரிமையாளர் கட்டாது விட்ட பொதுச்செலவுப் பங்கில் நடப்பாண்டுக்கும் முந்திய மூன்றாண்டுகளுக்கும் உரிய தொகைக்கு அவ்வீடே பொறுப்பு. வாங்கியவர் தலையில் அது வந்து விழும்.

முன்பணம் கொடுத்தபின் வழக்கறிஞரைத் தேடுவோர் உளர்; அது வெள்ளம் வந்தபின் அணை கோலுவது. அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 1454 ஆம் பிரிவு கூறும் வகையில் முன்பணம் கொடுக்கப்பட்டிருப்பின், வாங்குபவர் பின்வாங்கினால் அதனை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

கட்டி முடியாத வீடுகளின் கதை இன்னும் துயரமானது. வாங்குவோர் தரும் பணத்துக்கு வங்கி உறுதியோ காப்பீடோ வேண்டும் என 1968 ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்தது. பலர் அதனைக் கேட்டுப் பெறவில்லை. 2008 ஐ ஒட்டிய வீழ்ச்சியில் கட்டுநர் பலர் நொடித்துப்போக, வீடுமின்றிப் பணமுமின்றி நின்றனர். அப்பணத்தை ஏற்ற வங்கியும் பொறுப்பாகும் என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்த்தபின்னரே பலருக்கு வழி பிறந்தது.

எந்த வழக்கறிஞர் என்பதும் ஒரு கேள்வி. விற்பவரோ தரகரோ "நம்மவர் ஒருவர் இருக்கிறார்" என்று காட்டுபவரை விலக்குதல் நன்று. விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கூலி. உள்ளூர் வழக்கறிஞர் கழகத்தில் அவர் பெயரும் எண்ணும் உள்ளனவா என்று விசாரிக்கலாம். நேரில் செல்ல இயலாதார் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பர். அதில் எந்த வீடு, எவ்வளவு விலைக்குள், எந்தச் செயல்கள் என்பவற்றை வரையறுத்தே கையெழுத்திட வேண்டும்.