சுவர் விழுவதற்கு முன்: தடுப்புச் சுவர்களின் பொறியியலும் சட்டமும்

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதையொட்டி இருந்த அருந்ததியர் குடியிருப்பின் மீது விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். அந்தச் சுவர் குறித்து முன்பே முறையிட்டிருந்ததாகக் குடியிருப்புவாசிகள் கூறினர். அது தீண்டாமைச் சுவர் என்று தலித் இயக்கங்கள் சொல்லின. மழையால் நேர்ந்த விபத்து என்று மறுதரப்பு சொல்லிற்று.

2008 மே மாதம் உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது நம் முன் இருந்த கேள்வி, சுவர் யாரை விலக்குகிறது என்பது மட்டுமே. நடூர் அதனுடன் இன்னொரு கேள்வியையும் சேர்த்தது: சுவர் எதைத் தாங்குகிறது, எப்படித் தாங்குகிறது? நாம் பொறியாளர்கள் அல்லர். ஆயினும் பொறியாளரின் கேள்விகளைக் கேட்கத் தெரியாத வழக்கறிஞர், நீதிமன்றத்தில் ‘கனமழை’ என்ற ஒற்றைச் சொல்லிடம் தோற்றுப்போவார். ஆகவே இக்கட்டுரை முதலில் மண்ணிலிருந்து தொடங்குகிறது.

சுற்றுச்சுவர் வேறு, தடுப்புச் சுவர் வேறு. சுற்றுச்சுவர் தன் எடையையும் காற்றின் விசையையும் தாங்கி நின்றால் போதும். தடுப்புச் சுவரோ தனக்குப் பின்னால் உள்ள மண்ணின் தள்ளுவிசையை இரவு பகலாக எதிர்த்து நிற்க வேண்டியது. சுற்றுச்சுவராகக் கட்டப்பட்ட ஒன்றின் பின்புறத்தில் தோட்டத்துக்காகவோ மனையை மேடாக்கவோ மண்ணைக் கொட்டினால், அந்த நாள் முதல் அது தடுப்புச் சுவராகிவிடுகிறது. வரைபடத்தில் அது அப்போதும் சுற்றுச்சுவராகவே இருக்கும்.

மண்ணின் தள்ளுவிசை சுவரின் உயரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. உயரத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 10 அடிச் சுவரை 20 அடியாக்கினால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். கவிழ்க்கும் விசை எட்டு மடங்காகும். அதே கனத்தில் மேலும் சில வரிசைக் கல்லை ஏற்றிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

அடுத்தது நீர். மழை வழக்கின் உயிர்நாடி இதுதான். உலர்ந்த சாதாரண மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோநியூட்டன் அழுத்தத்தைச் சுவர்மேல் செலுத்தும். அதே மண் நீரில் ஊறி, நீர் வெளியேற வழியின்றி நின்றால், மண்ணும் நீரும் சேர்ந்து செலுத்தும் அழுத்தம் 13 கிலோநியூட்டனைத் தொடும். இருமடங்குக்கும் மேல்! இந்தக் கூடுதல் சுமையை அகற்றப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. சுவரின் பின்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரு சரளைக்கல் அடுக்கும், சுவரின் ஊடே இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்ட சிறு வடிகுழாய்களும் போதும். கொத்தனார்கள் எல்லோரும் இதை அறிவர். மலைப்பாதையில் பேருந்தில் செல்லும் எவரும் சாலையோரச் சுவர்களில் அந்தக் குழாய்களைப் பார்த்திருக்கலாம். வடிதுளை இல்லாத தடுப்புச் சுவர் விழுந்தால், மழையை மட்டும் காரணம் காட்ட இயலாது. மழை பெய்யும் என்பது கட்டும்போதே தெரிந்த செய்தி.

இனி நிலத்தின் கணக்குக்கு வருவோம். 20 அடி மேட்டைச் சுவரே இல்லாமல் சரிவாக விட்டால் என்ன ஆகும்? சாதாரண மண் நிலைத்து நிற்க, ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை அடி கிடைமட்ட நீளம் என்ற சரிவு வேண்டும் எனக் கொண்டால், 20 அடி மேட்டுக்கு 30 அடி நிலம் தேவை. செங்குத்தான சுவர் அந்த 30 அடியை மேட்டின் உரிமையாளருக்கு மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சத்துக்கான விலையை, சுவரைச் சரியாகக் கட்டினால் அவரே சிமெண்டாகவும் கல்லாகவும் கொடுக்கிறார். சரியாகக் கட்டாவிட்டால், கீழே ஒன்றரை சென்ட்டில் வீடு வைத்திருப்பவர் அதைத் தன் உயிராபத்தாகக் கொடுக்கிறார். தாழ்ந்த நிலத்தில், ஓடைக்கரையில், மேட்டின் அடிவாரத்தில் யாருடைய குடியிருப்பு இருக்கிறது என்பது தற்செயலன்று என்று இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அவற்றுள் பல இந்த மண்ணிலேயே விளைந்தவை. ஒரே உயரச் சுவருக்குப் பதிலாகப் படிப்படியாக அமைந்த தாழ்ந்த சுவர்களைக் கட்டி, இடைப்பட்ட மேடைகளில் செடி வளர்க்கலாம். ஆனால் மேடை அகலமாக இருக்க வேண்டும். மேல் சுவரின் சுமை கீழ்ச் சுவரின் மீது இறங்கும்படி நெருக்கிக் கட்டினால் அது மீண்டும் ஒரே சுவர்தான். கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கும் ‘கேபியன்’ முறை இன்னொன்று. கற்களின் இடைவெளி வழியே நீர் தானாக வடிந்துவிடும். அடித்தளம் சற்று இறங்கினாலும் கூடை வளைந்துகொடுக்கும், உடைந்து விழாது. காலப்போக்கில் இடைவெளிகளில் மண் சேர்ந்து புல் முளைக்கும். கம்பி துருப்பிடிப்பதே அதன் பலவீனம். ஆகவே துத்தநாகப் பூச்சு உள்ளதா என்று பார்ப்பது அவசியம். கடலோரத்தில் அதுவும் போதாது.

வெட்டிவேர் தனியே பேசத் தக்கது. 1980களில் உலக வங்கியின் மண்காப்புத் திட்டங்கள் இந்தியாவில் இந்தப் புல்லைப் பரப்பின. நம் ஊர்களிலோ அது அதற்கு முன்பே விசிறியாகவும் தட்டியாகவும் புழங்கியது. அதன் வேர்கள் பக்கவாட்டில் படராமல் நேராக மூன்று மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடியவை. அவ்வேரின் இழுவலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள்; இது மென் எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால், தழை நீரின் வேகத்தைத் தடுக்கும், வேர் மண்ணைத் தைத்துப் பிடிக்கும். ஆயினும் எல்லாச் செடியும் சுவருக்கு நட்பன்று. கல்லிடுக்கில் முளைக்கும் ஆலும் அரசும் சுவரைப் பிளந்துவிடும். சுவரின் விளிம்பில் நின்று காற்றில் ஆடும் பெருமரம் சுவருக்குச் சுமையேயன்றித் துணையன்று.

நீரோரத்தில் மண்ணைத் தாங்கும் கலைக்கு இந்தியாவில் ஒரு பெரும் சான்று கேரளத்தின் குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் அந்த வேளாண் முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. வேம்பநாட்டுக் காயலின் நடுவே தென்னங்கழிகளை இறக்கி, மூங்கில் தட்டிகளை வேய்ந்து, அவற்றுக்கிடையே காயலின் அடிச்சேற்றை அள்ளி நிரப்பிக் கரை எழுப்பினார்கள். கரைமேல் தென்னை நட்டார்கள். மூச்சடக்கி மூழ்கிச் சேற்றை அள்ளியவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர் சமூகத் தொழிலாளர்கள். உடைந்த கரையை அடைக்கப் புலையரை உயிருடன் புதைத்த செய்திகள் அவர்களின் வாய்மொழி வழக்காறுகளில் இன்றும் உள்ளன. வரலாற்றில் ‘காயல் ராஜா’ என்ற பட்டம் பெற்றவரோ நில முதலாளி முரிக்கன். 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் என்று வரையறுத்தது. காயலிலிருந்து நிலத்தையே உண்டாக்கியவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது அந்தப் பத்து சென்ட் மட்டுமே.

கரை கட்டும் அறிவு யாருடையது என்ற கேள்வியை நாம் இங்கிருந்து எழுப்புகிறோம். இப்போது கேரளத்தில் கால்வாய்க் கரைகள் மீது தென்னைநார் விரிப்புகளைப் பரப்பி, அவற்றின் கண்ணிகளில் புல் நடுகிறார்கள். நார் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதே திட்டம். இந்த வேலை ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் நடந்தது. 2005ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் முதல் அட்டவணை, பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் சொந்த நிலத்தில் பணி செய்யவும் வழி வைத்திருந்தது. நம் குடியிருப்புகளின் ஓடைக்கரைகளுக்கு அதை எத்தனை கிராம சபைகளில் கேட்டோம் என்பது நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. உடல் கிடைக்காதோரையும் சேர்த்து 70 பேரை இழந்தோம். பெரும்பாலோர் தமிழர், அவர்களில் பலர் தலித்துகள். அத்தகைய பெருஞ்சரிவை எந்தத் தடுப்புச் சுவரும், எந்தப் புல்லும் தாங்காது. அங்கே கேட்க வேண்டியது சுவரையன்று, பாதுகாப்பான இடத்தில் வீட்டை.

சட்டத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவு இரண்டு உரிமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு நிலமும் தன் இயற்கை நிலையில் பக்கத்து மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை உடையது. மேல் நிலத்தில் விழும் மழை நீர் இயல்பாகக் கீழ் நிலத்துக்கு வழிந்தோடுவதைக் கீழ் நிலத்தார் ஏற்க வேண்டும். இரண்டாவதைக் காட்டி, ‘தண்ணீர் உங்கள் பக்கம்தானே வரும்’ என்று மேட்டு நிலத்தார் வாதிடுவர். ஆனால் அங்கே பேசப்படுவது இயற்கையான ஓட்டம். மண்ணைக் கொட்டி மேடாக்கி, சுவரெழுப்பி, நீரைத் தேக்கி, ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு வரச்செய்வது இயற்கையன்று.

சுவர் விழுந்தபின் எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகிறது என்பது முடிவையே மாற்றும். பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, கவனக்குறைவால் மரணம்: அதிகபட்சம் 2 ஆண்டு. 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி, மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்த செயல்: 10 ஆண்டு வரை. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 106(1), 105. முன்னதன் தண்டனை 5 ஆண்டு வரை என உயர்ந்துள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களையே தொடுகிறது. ஆகவே கவனக்குறைவு என்று பதிவான மறுகணமே அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. ‘அறிந்தே’ என்ற சொல்லை மெய்ப்பிக்கும் ஆவணம்தான் கதவைத் திறந்து வைக்கும்.

அந்த ஆவணத்தைச் சுவர் விழும் முன்பே உருவாக்க முடியும். அக்கம்பக்கத்தில் வாழ்வோருக்கோ வழிச்செல்வோருக்கோ தீங்கு விளையும்படி விழக்கூடிய நிலையில் உள்ள கட்டடத்தை அகற்றவோ, பழுதுபார்க்கவோ, முட்டுக்கொடுக்கவோ நிபந்தனை ஆணை பிறப்பிக்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டம் 133. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. நடைமுறையில் கோட்டாட்சியரிடம் மனு. இதற்கு உரிமையியல் வழக்கு வேண்டாம். நில உரிமை கேட்கும் மனுவும் அன்று.

மனுவில் ‘ஆபத்தான சுவர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. தரையிலிருந்து உயரம் எத்தனை அடி, அடியில் கனம் எவ்வளவு, பின்புறம் மண் எந்த மட்டம் வரை உள்ளது, வடிதுளைகள் உண்டா, இருந்தால் மழையில் அவற்றிலிருந்து நீர் வருகிறதா அல்லது அடைபட்டுள்ளனவா, சுவர் வெளிப்புறம் உப்பியுள்ளதா, விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சுவரடியிலிருந்து வீடு எத்தனை அடி தொலைவு என்பவற்றை நாடாவால் அளந்து எழுதுங்கள். விரிசலின் இரு முனையிலும் தேதியைக் குறித்துப் படமெடுங்கள்; ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுங்கள். மனுவின் படியைச் சுவரின் உரிமையாளருக்குப் பதிவு வசதியுடன் கூடிய விரைவு அஞ்சலில், ஒப்புகை பெறும்படி அனுப்புங்கள். அந்த ஒப்புகையை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஊரில் ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல் மூன்று பேரிடம் படியெடுத்து வையுங்கள். சுவரடியில் உள்ள வீட்டில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.