தூசைத் தேடிப் போன வெளிச்சம்

ஓட்டு வீடுகளில் கூரை நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். உச்சி வெயில் அதன் வழியே கீற்றாக இறங்கும்போது, அதுவரை கண்ணில் படாத தூசு அதற்குள் மினுங்கி மிதக்கும். அமெரிக்க இயற்பியலாளர் பேட்ரிக் மெக்கார்மிக் தம் ஆய்வு வாழ்க்கையில் செய்தது ஏறக்குறைய இதைத்தான். அவருடைய கீற்று லேசர். அவர் தேடிய தூசு மிதந்தது 20 கிலோமீட்டர் உயரத்தில்.

லேசரைக் கொண்டு இப்படித் தேடும் கருவிக்கு லிடார் என்று பெயர். லேசர் வெட்டி அணைவது ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள். மேலே போகும் ஒளி, வழியில் எதிர்ப்படும் துகள்களில் பட்டுச் சிதறும். அதில் மிகச் சிறு பங்கு கீழே திரும்பி வரும். அதை ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொள்ள, அருகிலுள்ள உணர்கருவி நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளும். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே 100 மைக்ரோ நொடியில் திரும்பி வந்த ஒளி 15 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு வந்தது. 200 மைக்ரோ நொடியில் வந்தது 30 கிலோமீட்டரை. எந்த வகைத் துகள் என்பதற்கும் துப்பு கிடைக்கும். உருண்டையான நீர்த்துளி ஒளியின் அதிர்வுத் திசையை அப்படியே திருப்பி அனுப்பும். பனிப்படிகமும் பாலைவனத் தூசும் அதைக் கலைத்துவிடும்.

தியோடர் மைமன் 1960-இல் முதல் லேசரை ஒளிர வைத்தார். மூன்றே ஆண்டுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜியார்ஜியோ ஃபியோக்கோவும் லூயிஸ் ஸ்மலினும் வளிமண்டலத்தின் மேல் அடுக்குகளிலிருந்து லேசரின் எதிரொளியைப் பிடித்துவிட்டார்கள். மெக்கார்மிக் இத்துறைக்குள் வந்தது அந்தப் புது வேகத்தில்தான். வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில் உள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையம் அவருடைய களம்.

அங்கே 1970-களில் 48 அங்குலத் தொலைநோக்கியோடு ஒரு லிடார் நிறுவப்பட்டது. இரவு வானத்தை நோக்கி சிவப்பு ரூபி லேசர் பாயும். அதே இடம், அதே வானம், ஆண்டுக்கணக்காக. எரிமலை எதுவும் வெடிக்காத காலத்தில் எடுத்த அளவுகள் சப்பென்றுதான் இருந்திருக்கும். அவற்றின் அருமை பின்னால் தெரிந்தது.

1991 ஜூன் 15. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, சுமார் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை வானில் கொட்டியது. அது கந்தக அமிலத் துளிகளாக மாறி உலகைச் சுற்றிப் படர்ந்தது. லிடார்களில் எதிரொளி பல மடங்கு எகிறியது. அத்துளிகள் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பிவிட, அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. வெடிப்புக்கு முன்னால் வானம் எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்ததால்தான், எவ்வளவு கூடியது, எப்போது வடிந்தது என்று சொல்ல முடிந்தது.

லேசரோடு அவர் நிற்கவில்லை. உதிக்கும், மறையும் சூரியனை வளிமண்டலத்தின் ஊடே பார்க்கும் செயற்கைக்கோள் கருவிகளிலும் உழைத்தார். 1978-இல் ஏவப்பட்ட அப்படியொரு கருவி, துருவக் குளிர்காலத்தில் அடுக்கு மண்டலத்தில் மேகங்கள் இருப்பதைக் காட்டியது. அவரும் சகாக்களும் 1982-இல் அதை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அண்டார்டிகாவின் ஓசோன் ஓட்டை உலகுக்குத் தெரியவந்தது. உறைந்த அந்த மேகத் துகள்களின் மேற்பரப்பில்தான் குளோரின் ஓசோனைத் தின்னும் வடிவத்துக்கு மாறுகிறது என்பது பிறகு விளங்கியது.

தரையிலிருந்து அண்ணாந்து பார்த்த லேசர், 1994 செப்டம்பரில் மேலிருந்து குனிந்து பார்த்தது. டிஸ்கவரி விண்கலம் சுமந்து சென்ற லைட் என்னும் லிடார், சுமார் 260 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 53 மணி நேரம் ஒளி வீசியது. அதன் தலைமை அறிவியலாளர் மெக்கார்மிக். மெல்லிய மேகங்களை ஊடுருவி, அடியில் இருந்த தூசுப் படலங்களையும் அது காட்டியது.

அந்த 53 மணி நேரம், அடுத்து 17 ஆண்டுகளாக நீண்டது. 2006 ஏப்ரல் 28 அன்று ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் அறிவியல் பணியை டேவிட் விங்கருடன் மெக்கார்மிக்கும் சேர்ந்து வழிநடத்தினார். நொடிக்கு 20 முறை ஒளி பாய்ச்சும் லேசர் அதில் இருந்தது.

சஹாராவிலிருந்து எழும் தூசு அட்லாண்டிக்கைக் கடக்கிறது என்பது முன்பே தெரியும். எவ்வளவு என்பதற்குக் கணக்குச் சொன்னது கலிப்சோ. அதன் அளவுகளை வைத்து ஹாங்பின் யூ குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் தூசு அமேசான் படுகையில் விழுகிறது. அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். மழையும் வெள்ளமும் காட்டிலிருந்து அடித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் வற்றிப்போன ஏரிப்படுகையின் மண், கடல் தாண்டி மழைக்காட்டுக்கு உரமாகிறது.

கலிப்சோ 2023-இல் ஓய்வு பெற்றது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோளில் 355 நானோமீட்டர் புற ஊதா லேசர் பொருத்தப்பட்டிருக்கிறது. 1994-இல் டிஸ்கவரியிலிருந்து பாய்ந்த மூன்று அலைநீளங்களில் அதுவும் ஒன்று.